அமாவாசையன்று கட்டிய ஈ

கீழே வருவது முழுக்க நடந்தது. எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் செய்கிற சத்தியம் இது. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தாலும் சொன்ன வாய்க்கு ஆறு மாதம் உப்பு உறைக்காமல் போகட்டும். மீன் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் ஜனங்கள் லேசில் நம்பமாட்டார்கள். அதனால்தான் கிலோமீட்டர், மணி, பூனைகளின் எண்ணிக்கை உட்பட எல்லாம் சரிபார்த்துச் சொல்லப்படுகிறது.

பிள்ளையார்பாளையத்தில் அர்ஜுனன் என்று ஒரு நெசவாளர். வயது ஐம்பத்தாறு. மனிதரிடம் ஒரே ஒரு குறை, கையும் காலும் சும்மா இருக்காது. முப்பத்தைந்து வருஷம் தறிக் குழியில் கால் விட்டு மிதித்தவர் இல்லையா, சோற்றுக்கு உட்கார்ந்தாலும் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டுக்காரர் மூன்று ஸ்டாப்பிங் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொள்வார். தூக்கத்தில் வலது கை, தறியில் இழையைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாவை வீசும். அவர் மனைவி அலமு கல்யாணமான இரண்டாம் நாளிலிருந்து இடது பக்கம்தான் படுக்கிறாள்.

தறி ஓடுகிற நாளில் தொந்தரவு இல்லை. அமாவாசைதான் உயிரை எடுக்கும். அன்றைக்குத் தறிக்கு லீவு. அர்ஜுனன் வீட்டில் அதற்கு மேல் இரண்டு சட்டம் உண்டு. தறியில் ஏறின இழையை அன்றைக்குத் தொடக் கூடாது. பட்டு எங்கே இருந்தாலும் அதன்மேல் கத்தி, கத்தரி, பல் எதுவும் படக் கூடாது. அவர் அப்பா ஒரு அமாவாசையில் ஞாபகமறதியாக ஒரே ஒரு இழையைப் பல்லால் கடித்து அறுத்தார். அடுத்த அமாவாசைக்குள் அந்தப் பல் விழுந்துவிட்டது. பக்கத்துப் பல்லுக்கும் இதில் சம்பந்தம் இருந்ததோ என்னவோ, அதுவும் ஆடியது.

அப்படி ஓர் அமாவாசையன்று, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பதினேழு தடவை நடந்து முடித்த பிறகு, போனில் ஒரு வீடியோ பார்த்தார். ஏதோ குளிர் தேசத்துப் பெரியவர் ஒருவர். தூண்டில் முள்ளைச் சின்ன வைஸ் இடுக்கியில் இறுக்கி, கோழி இறகையும் நூலையும் சுற்றிச் சுற்றி ஒரு ஈயைக் கட்டினார். ஈ என்றால் அச்சு அசல் ஈ. அதை ஆற்றில் வீசினார். மீன் நிஜமென்று நம்பிக் கவ்வியது. அவர் மீனைக் கையில் ஏந்தி, முத்தம் கொடுக்காத குறையாகப் பார்த்துவிட்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டார். அர்ஜுனன் ஆறு தடவை பார்த்தார். ஏழாவது தடவை, "முடிச்சு சரியில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டினார்.

தெருமுனையில் தாவீது சைக்கிள், டிவிஎஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இரண்டு தடவை படித்தவர்கள்.

"இன்னாத்துக்குபா ஒனக்கு வைஸு?"

"ஈ கட்டணும்."

தாவீது ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஈ ஓட்றவன பாத்துருக்கறேன். இந்தக் கடையில குந்திக்கினு நானே தெனம் ஓட்டிக்கினுதான் இருக்கறேன். கட்றவன இப்பதான்பா பாக்கறேன். கட்டி இன்னா, பால் கறப்பியா?"

அன்றைக்கு ஆரம்பித்தது. அமாவாசைக்கு நாலு ஈ, ஐந்து ஈ. கறிக்கடையிலிருந்து சேவல் கழுத்து இறகு, கோயில் வாசலில் விசிறி விற்பவரிடமிருந்து மயில் இறகின் ஓரம், முந்தின நாளே எடுத்துவைத்த ஜரிகைத் துணுக்கு. கொசு கட்டினார், தும்பி கட்டினார், பொன்வண்டு கட்டினார். முதலில் கட்டிய கொசுவைச் சுவரில் செருகிவைத்திருந்தபோது அலமு அதைக் கொசு பேட்டால் அடித்தாள். பேட் பொரிந்தது, கொசு அப்படியே இருந்தது. "இன்னா கொசுடா இது, கரண்ட்டுக்கே அடங்கல" என்று அடுத்த வீடுவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். இன்னொரு முறை ஓர் ஈசலைக் கட்டி ஜன்னலில் காயவைத்தார். மறுநாள் பார்த்தால் அதன் பக்கத்தில் ஒரு நிஜ ஈசல் இறக்கையை உதிர்த்துவிட்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

பிஸ்கட் டப்பாவில் நாற்பத்து மூன்று ஈ சேர்ந்துவிட்டது. மீன்தான் ஒன்றுகூடப் பிடித்ததில்லை. வாரா வாரம் டிவிஎஸ்ஸில் ஓரிக்கைக்குப் போவார், பாலாற்றங்கரையில் நிற்பார், மணலைப் பார்ப்பார், திரும்புவார். மணலில் ஈ வீசிப் பார்த்ததும் உண்டு. ஓர் ஓணான் வந்தது.

அலமு இதையெல்லாம் தடுக்கவில்லை. ஒரே ஒரு கோடு கிழித்து வைத்திருந்தாள். "நீ ஈ கட்டு, எறும்பு கட்டு, யான வேணா கட்டு. எம் பீரோ பக்கம் மட்டும் வராத."

பீரோவில் அவளுடைய கல்யாணப் புடவை இருந்தது. அர்ஜுனன் தன் கையால் நெய்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. அந்த அரக்கு உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது. சாயக்காரர் அன்றைக்கு வெற்றிலை போட்டுக்கொண்டே நூலை முக்கினார், இரண்டு சொட்டு உள்ளே விழுந்தது, அதுதான் அந்த நிறம். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. எல்லாப் புடவையிலும் குறுக்கே ஓடுகிற ஊடை இழை நாடாவுக்குள் இருக்கும் ஒவ்வொரு தார், அதாவது நூல்கண்டு, தீரும்போதும் முடிந்து, அடுத்த தாரில் புதிதாகத் தொடங்கும். அலமு புடவையில் அர்ஜுனன் ஒவ்வொரு தாரின் நுனியையும் அடுத்ததன் நுனியோடு முறுக்கிப் பிணைத்து, உடல் முழுக்க ஒரே இழையாக நெய்தார். ஆரம்பம் ஒன்று, முடிவு ஒன்று. இருபத்தைந்து வயதில் ஆண்பிள்ளைகளுக்குப் பிடிக்கிற பைத்தியம்.

போன கார்த்திகையில் அலமுவின் தம்பி பாண்டியன் வாலாஜாபாத்தில் மகள் அபிநயாவுக்குக் கல்யாணம் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். அலமு புதன்கிழமையே கிளம்பினாள். புடவையைப் பஸ் கூட்டத்தில் எடுத்துப் போக அவளுக்கு மனசில்லை. பீரோ சாவியை நீட்டினாள், அர்ஜுனன் கையில் வைக்கும்வரை ஐந்து நிமிஷம் நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"சனிக்கெழம பொடவையோட வந்து சேர்ற. நான் அத்தக்காரி. மணவறையில மொதல்ல நிக்கறவ. அது இல்லாம வந்தே, நான் எங்கம்மா வூட்லயே இருந்துக்கறேன். நீ ஈயோட குடும்பம் நடத்து."

"வராம இருப்பேனா அலமு?"

"நீ வருவே. பொடவ வரணும்."

வியாழக்கிழமை அமாவாசை. ஆள் இல்லாத வீடு, ஓடாத தறி. ஒன்பது மணிக்குள் அர்ஜுனன் தறிக் கட்டையைத் துடைத்து, சைக்கிளே இல்லாத வீட்டில் சைக்கிள் பம்பைத் தேடி, கொடியில் இருந்த துணியை எடுத்து மடித்து, பிரித்து, திரும்பவும் மடித்துவிட்டார். பத்து மணிக்குத் தாவீது தெருவிலிருந்தே கத்தினார்.

"அர்ஜுனா! பாலாத்துல தண்ணி வந்துக்கினு இருக்குதாம்பா! நாளைக்குக் காலையில ஓரிக்கைக்கு வந்துடுமாம். வெராலு துள்ளிக்கினு வருதாம்!"

அர்ஜுனனின் பத்து விரலும் தனித்தனியாக எழுந்து நின்றன.

மழை விட்ட மண்ணிலிருந்து வாசலில் ஈசல் கிளம்பிக்கொண்டிருந்தது. ஒன்றைப் பிடித்துப் பார்த்தார். இறக்கைக்கு வெங்காயச் சருகு போதும். காலுக்குச் சேவல் இறகு. உடம்பின் நிறத்தைப் பார்த்தபோதுதான் திரும்பிப் பீரோவைப் பார்த்தார். வெற்றிலை எச்சில் விழுந்த அரக்கு. டப்பாவில் இருந்த நாற்பத்து மூன்றும் திடீரென்று பொய் ஈயாகத் தெரிந்தன.

பீரோவைச் சுற்ற முடியாது, சுவரோடு ஒட்டி இருக்கிறது. அதனால் வீட்டைச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நியாயம் கிடைத்தது. தறியில் இருக்கிற இழையைத்தானே தொடக் கூடாது? பீரோவில் இருப்பது துணி. துணியைத் தொடாமல் எப்படிச் சட்டை போடுகிறோம்? ஒரு ஈக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு முழம். உள்தலைப்பில் ஒரு முழ இழை போனால் கொசுவத்துக்குள் மறைந்துவிடும். சாவி தானாகத் திரும்பியது என்று அவர் பிற்பாடு சொன்னார்.

உள்தலைப்பின் ஓரத்தில் ஊடையின் நுனி இருந்தது. முப்பது வருஷமாக யாரும் கூப்பிடாத நுனி. இழுத்ததும் வந்துவிட்டது. பீரோ முன்னாலேயே உட்கார்ந்து, வைஸை மடியில் வைத்து, ஈசலைக் கட்டினார். கட்டி முடித்ததும் அது அவரைத் திரும்பிப் பார்த்தது போல் இருந்தது.

இனி இழையை அறுக்க வேண்டும். கத்தரியை எடுத்தார், வைத்தார். அமாவாசை. பட்டில் கத்தி படக் கூடாது. அப்பாவின் பல் ஞாபகம் வந்தது.

அறுக்கவில்லை. ஈசலைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்து, சட்டையைப் பீரோ கைப்பிடியிலேயே மாட்டினார். இழை ஒரு நுனியில் ஈயோடும் மறு பக்கம் பீரோவுக்குள் புடவையோடும் இருந்தது. விடிந்ததும் முதல் வேலை கத்தரி. அப்படி நினைத்துக்கொண்டு படுத்தார், கை இரவெல்லாம் நாடா வீசியது.

விடிந்ததும் முதல் வேலையாகத் தாவீது வந்துவிட்டார். "ஆத்துல எறங்கி ஊரே நிக்குதுபா! நீ இன்னும் பல்லு வெளக்கிக்கினு இருக்கற!" அர்ஜுனன் வாயில் நுரையோடு சட்டையை மாட்டினார், மூங்கில் கழியை எடுத்தார், டிவிஎஸ்ஸின் பின்னால் தாவீதை ஏற்றினார். கத்தரி ஆணியில் தொங்கியது.

இழை பீரோ இடுக்கிலிருந்து, வாசற்படி வழியாக, தெருவுக்கு வந்தது. வேறு ஊராக இருந்தால் முதல் திருப்பத்திலேயே அறுந்திருக்கும். இது காஞ்சிபுரம். பட்டு இழை குறுக்கே ஓடினால் யாரும் அறுக்கமாட்டார்கள். பால்காரர் கேனை இறக்கி வைத்து, குனிந்து, அடியில் நுழைந்து போனார். பூக்காரம்மா இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ஸ்கூல் பிள்ளைகளை ஒவ்வொன்றாக விட்டாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி, இழையைக் கம்பால் டாப்புக்கு மேலே தூக்கிவிட்டு, "ரைட், போலாம்" என்றார். யாருடையது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் இழை போனால் அதன் கோடியில் யாரோ வேலையாக இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஓரிக்கையில் தண்ணீர் கலங்கலாக, அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. அர்ஜுனனின் அவசரம் அதைவிடப் பெரிது. ஈசலை நைலான் தூண்டில் கயிற்றில் முடிந்து, கழியைச் சுழற்றி வீசினார். ஈசல் தண்ணீரைத் தொடவில்லை. தொடுவதற்கு ஒரு சாண் மேலேயே ஒரு விரால் எழும்பி வந்து வாங்கிக்கொண்டது. நாலு கிலோ இருக்கும். தாவீது ஐந்து என்கிறார். சண்டை வேண்டாம், நாலரை.

நைலான் படீரென்று அறுந்தது.

"போச்சுபா" என்றார் தாவீது.

போகவில்லை. அர்ஜுனனின் தோளுக்கு மேலே ஏதோ சர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் தொட்டார். முப்பத்தைந்து வருஷ விரல், அதற்கு உடனே தெரிந்துவிட்டது. மூளைக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. மெல்லத் திரும்பிப் பார்த்தார். இழை ரோட்டிலிருந்து வந்தது. ரோட்டுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அறுத்துடுபா!" தாவீது பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்தார். "இன்னிக்கு அமாவாசகூட இல்ல!"

"கைய எடு!" அர்ஜுனன் கத்திய கத்தில் கரையில் இருந்தவர்கள் எல்லாரும் கையை எடுத்தார்கள். "அறுத்தா பாதிப் பொடவ ஆத்தோட போய்டும். அந்தச் சாயம் மறுக்கா கெடைக்காது. உட்டா முழுசும் போவும். ஆனா ஒரே எழையா போவும். ஒரே எழையா இருந்தா திரும்பி வரும்பா."

தாவீதுக்கு இந்தக் கணக்கு புரியவில்லை. நெசவு தெரிந்த யாருக்கும் புரியும்.

அப்போது போன் அடித்தது. அலமு.

"பொடவய எடுத்து வெச்சியா?"

அர்ஜுனன் தோளுக்கு மேல் ஓடும் இழையைப் பார்த்தார். அது கிழக்கே, வாலாஜாபாத் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "வந்துக்கினே இருக்குது அலமு."

"இன்னாது?"

"பொடவதான். கெளம்பிடுச்சி. எனக்கு முன்னாலயே வந்துரும் போல இருக்குது."

"யாருகிட்ட குடுத்து உட்ட?"

அர்ஜுனன் யோசித்தார். "ஒனக்குத் தெரியாத ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

ஒரு புடவையின் உடலில் குறுக்கே பதிமூன்றாயிரம் இழை. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர். மொத்தம் பதிமூன்று கிலோமீட்டர். வீட்டிலிருந்து ஆறு வரை நாலு கழிந்தால் மீதி ஒன்பது. விரால் போகிற வேகத்துக்குப் பத்து மணிக்குள் புடவை தீர்ந்துவிடும். அவர்கள் வீட்டுக்கு விரட்டிக்கொண்டு போனபோது சரியாக இழையின் கடைசி நுனி பீரோவிலிருந்து வெளியே வந்தது. வாசற்படியில் ஒரு துள்ளு துள்ளியது. தெருவில் திரும்பிப் போய்விட்டது. உள்ளே புடவையின் எலும்புக்கூடு கிடந்தது. இரண்டு பச்சைக் கரை, ஒரு முந்தி, நடுவில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் மட்டும். ஊடே கை விட்டால் அந்தப் பக்கம் வந்தது.

அதைச் சுருட்டி மஞ்சள் பையில் போட்டு, மிச்சம் இருந்த ஈ டப்பாவையும் எடுத்துக்கொண்டு, இழை போன வழியே ஆற்றோரமாக வாலாஜாபாத்துக்கு ஓட்டினார். வழியெல்லாம் கால் மிதித்துக்கொண்டே வந்ததால் டிவிஎஸ்ஸுக்குப் பெட்ரோல் செலவாகவில்லை.

வாலாஜாபாத்தில் நடந்தது இது. பாண்டியன் ஒரு ரைஸ்மில்லில் வேலை பார்க்கிறான். புது வெள்ளத்தைப் பார்த்ததும் கை அரித்து, வலை போட்டான். நாலரைக் கிலோ விரால் மாட்டியது. வீட்டில் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டாயிற்று, மீன் உள்ளே வரக் கூடாது. முகூர்த்தம் முடிகிறவரை இருக்கட்டும் என்று, மில்லில் நெல் ஊறவைக்கிற சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி விட்டுவைத்தான். அதன் வாயிலிருந்து ஒரு நூல் தொங்குகிறது என்று அக்காவிடம் சொன்னான். அதுதான் அவன் செய்த தப்பு.

அர்ஜுனனும் தாவீதும் மில்லுக்குள் நுழைந்தபோது அலமு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, நூலை ஒரு மூங்கில் துண்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். பெரிய பூசணிக்காய் அளவுக்குச் சேர்ந்திருந்தது. தலையைத் தூக்கவில்லை.

"இன்னா இது?"

"ஈசல்."

"அது தெரியுது. மீனுக்கே தெரியல, எனக்குத் தெரியுது. நூலு?"

அர்ஜுனன் மஞ்சள் பையைப் பின்னால் மறைத்தார். கால் மிதிக்க ஆரம்பித்தது.

"மாமா," என்றான் பாண்டியன் மெதுவாக, "ஓடிடு."

"நீ சும்மா இருடா." அலமு நிமிர்ந்து பார்த்தாள். "கட்டினதுதான் கட்டினே. ஏன் அறுக்கல?"

"நேத்து அமாவாச."

அலமு தார் சுற்றுவதை நிறுத்தினாள். அமாவாசையில் பட்டை அறுத்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் அங்கேயே தொட்டியில் பிடித்து முக்கியிருப்பாள். அறுக்கவில்லை என்கிறார். மாமனார் போட்ட சட்டம், முப்பது வருஷமாக அவளே காவல் காத்த சட்டம். திட்டுவதற்கு இடம் தேடிப் பார்த்தாள். எங்குமே கிடைக்காததால் கோபம் இரண்டு மடங்காகியது.

"செரி," என்றாள். "ஞாயித்துக்கெழம காலையில அத நான் கட்டிக்கினு நிக்கணும். அவ்ளோதான். இல்லன்னா நான் சொன்னது சொன்னதுதான்."

ஆள் நெய்தால் பன்னிரண்டு நாள் வேலை. கையில் இருந்தது ஒன்றரை நாள். தறி காஞ்சிபுரத்தில். அர்ஜுனன் தொட்டியைச் சுற்றி நடந்தார். நடக்க நடக்க, டப்பாவிலிருந்து ஒரு தும்பியை எடுத்து நூலில் முடிந்து தண்ணீருக்கு மேலே ஆட்டிக்கொண்டே வந்தார். வேறு காரணம் இல்லை, கை சும்மா இருக்காது. விரால் தும்பியைப் பார்த்து இடது கோடியிலிருந்து வலது கோடிக்குப் பாய்ந்தது. வாயில் மாட்டியிருந்த இழை பின்னாலேயே போனது. அர்ஜுனன் இன்னொரு கையில் பொன்வண்டை எடுத்து இடது பக்கம் ஆட்டினார். விரால் திரும்பி இடது பக்கம் பாய்ந்தது. இழையும்.

அர்ஜுனன் நின்றார். விராலைப் பார்த்தார். இரண்டு பக்கமும் கூர்ந்து, நடுவில் தடித்து, வழவழவென்று. நாடாவேதான்.

"தாவீது," என்றார், "சைக்கிள் பெடல் ரெண்டு, பிரேக் ஒயரு பத்து. ஓடுபா!"

அரை மணியில் தொட்டியின் மேல் பாவு விரிந்தது. பாதி இழை தண்ணீருக்கு மேலே, பாதி கீழே. தாவீது பெடலை மிதித்தால் மேலே இருப்பது கீழே, கீழே இருப்பது மேலே. நடுவில் மீன் போக வழி. நெல் தள்ளுகிற பலகையால் பாண்டியன் ஒவ்வொரு இழையையும் தட்டிச் சேர்த்தான். ஓரத்தில் உட்கார்ந்து கரையோடு உடலைக் கோர்க்கிற வேலையை அலமுவே எடுத்துக்கொண்டாள். அர்ஜுனன் இரண்டு கோடிக்கும் நடுவில் நின்று, வலது கையில் தும்பி, இடது கையில் பொன்வண்டு.

"பொன்வண்டு!" இடது. "தும்பி!" வலது. "பொன்வண்டு!" இடது.

"மெல்ல போய்யா, கரை இழுக்குது" என்றாள் அலமு.

"நானா போறேன்? மீன்கிட்ட சொல்லு."

"அது ஒழுங்காத்தான் போவுது. நீதான் கைய ஆட்டற."

ஓர் இழைக்கு நாலரை விநாடி. வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து, வெளிச்சம் போனதும் நிறுத்தினார்கள், இருட்டில் மீனுக்குத் தும்பி தெரியாது. சனிக்கிழமை காலை ஆறிலிருந்து மறுபடியும். பன்னிரண்டு மணிக்கு மீனுக்குச் சலித்துவிட்டது, தும்பியைப் பார்த்தும் அசையவில்லை. அர்ஜுனன் கொசுவை மாற்றினார். நாலு மணிக்குக் கொசுவும் சலித்தது. டப்பா முழுக்க ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வந்தது. அலமு ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தாள், உதடு காய்ந்திருந்தது. தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தாள்.

மாலை ஆறு மணிக்கு, நாற்பத்து மூன்றாவது ஈயில், கடைசி இழை போனது. அலமு கத்தரியைத் தானே எடுத்து ஈசலின் காலடியில் அறுத்தாள். சனிக்கிழமை, துவிதியை, தோஷம் ஒன்றும் இல்லை. அர்ஜுனன் விராலின் உதட்டிலிருந்து முள்ளைக் கழற்றி, அந்தக் குளிர் தேசத்துப் பெரியவர் மாதிரியே கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, ஆற்றில் விட்டார். அது நேராகப் போகவில்லை. இடதும் வலதுமாக, நாலரை விநாடிக்கு ஒரு திருப்பமாகப் போனது.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தில் அலமு முதல் ஆளாக நின்றாள். அரக்குப் புடவை சற்று ஈரமாகத்தான் இருந்தது. மண்டபத்து வாசலில் பதினொரு பூனைகள் வரிசையாக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி முந்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "இவ்ளோ நெருக்கமான நெசவா இருக்குது, எந்தக் கடையிலம்மா?" என்றாள்.

"கடையில இல்ல. ஆத்துல புடிச்சது" என்றாள் அலமு.

மூன்றாவது வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்து அர்ஜுனன் அவளைப் பார்த்தார். மேளம் கொட்டி, தாலி ஏறி, அட்சதை விழுந்து முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். முன் வரிசையில் இருந்தவர் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அர்ஜுனனின் கால் அசையாமல் இருந்தது.

சொன்ன வாய்க்கு இனி ஆறு மாதம் உப்பு உறைக்காது: நெசவாளர் வீடுதான், ஆனால் அலமுவின் பீரோவில் பட்டுப் புடவை என்று ஒன்று என்றைக்குமே இருந்ததில்லை.